லயத்திலிருந்து சொந்த வீட்டிற்கு: கேமரன் மலைத் தமிழரின் குடியிருப்பு வரலாறு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. கடல் கடந்து மலாயா வந்த தமிழர், தம்மோடு கொண்டுவந்த சிறுமூட்டையில் இப்பழமொழியையும் முடிந்தே கொண்டுவந்தனர். ஆனால் இம்மண்ணில் அவர்களுக்கு வாய்த்தது தனி வளையன்று. தோட்ட நிருவாகம் கட்டிவைத்த நீண்ட வரிசையில் ஓர் அறை. அவ்வறையில் அவர்கள் பிள்ளை பெற்றனர்; பேரன் பேத்திகளைக் கண்டனர்; மூப்பெய்தினர். மூன்று தலைமுறை வாழ்ந்த பின்னரும் அவ்வறை அவர்களுடையதாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை ஆராய்வதும், இன்று ஓர் இளைஞன் தன் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பழைய தொடர்வீட்டை விலைக்கு வாங்கும்போது அச்செயலின் பொருள் யாது என்பதைக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வருவோர், கேமரன் மலையில் முதலில் எதிர்கொள்ளும் சிற்றூர் ரிங்லெட். பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இவ்வூரைக் கடந்து ஹாபுவை அடைந்தால், வலப்புறம் பிரியும் குறுகிய சாலை தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்லும். இவ்வட்டாரத்தில் இருவகை வரிசைகளைக் காணலாம். தோட்டத்தினுள் இருப்பது லயம். ஊரை ஒட்டி இருப்பது தொடர்வீடு. மலாய் மொழியில் 'ரூமா தெரெஸ்' எனப்படுவது. இரண்டிற்கும் ஒரே நீண்ட கூரை. இரண்டிலும் அண்டை வீட்டோடு பங்கிட்டுக்கொள்ளும் சுவர். இரண்டிலும் அடுத்த வீட்டுத் தாளிப்பு மணம் நம் வீட்டிற்கு வரும். கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு சிறிதே. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு ஒன்றுண்டு. அது நில அலுவலகத்தின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஒரு தாளுக்கும் நம் மக்களுக்கும் இடையே இருந்த தொலைவுதான் இவ்வரலாறு.

மலை திறந்த கதை

1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்குறிப்பு பயன்படாது கிடந்தது. 1925ஆம் ஆண்டு சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்துச் சென்ற பின்னரே, மலைவாழிட நகரும் வேளாண்மையும் அமைக்கும் முயற்சி விரைவு பெற்றது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து வண்டிச்சாலை வந்து சேர்ந்தது.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை நட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரின் துணையோடு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், எண்ணற்ற மனிதக் கைகள் ஆகியவற்றைக் கொண்டே அடர்ந்த காடு திருத்தப்பட்டது என்பர். அக்கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். 1933ஆம் ஆண்டு பாரத் தேயிலை நிறுவனமும் இம்மலையில் கால்கொண்டது.

இக்காலத்தை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மேலே மலையில் தேயிலை நடப்பட்ட அதே ஆண்டுகளில், கீழே சமவெளியில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போன அன்றே அறையும் போயிற்று. தோட்டத்து வீடு என்பது வீடன்று, அது வேலையின் நிழல் என்பதை மலாயாத் தமிழர் பெருந்தொகையினராய் உணர்ந்த காலம் அதுவே.

லயத்தின் சட்டம்

லயம் என்ற அமைப்பு மலாயாவில் மட்டும் தோன்றியதன்று. கரும்பு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று எங்கெல்லாம் பெருந்தோட்டம் எழுந்ததோ, அங்கெல்லாம் இவ்வரிசைக் குடியிருப்பும் எழுந்தது. குறைந்த செலவில் நிறைய ஆட்களைக் குடியமர்த்தவும், விடியுமுன் ஒருசேர எழுப்பி வேலைக்கு அனுப்பவும், ஒரே இடத்தில் கண்காணிக்கவும் ஏற்ற வடிவம் அது. இலங்கை மலையகத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த செய்தியை நாம் அறிவோம். மலாயாவின் பழைய லயங்களிலும் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், இடைச்சுவர் கூரையைத் தொடாத அமைப்பு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் ஆகியவையே இருந்தன.

சட்டம் முற்றிலும் கண்மூடி இருந்ததென்று கூறவியலாது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. இவ்விதியை ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நிலத்தைப் பயன்படுத்தலாம், உரிமை கொண்டாடவியலாது. முருங்கையும் வாழையும் நடலாம். நட்டவன் வேலையை விட்டுப் போகும்போது மரத்தையும் விட்டுவிட்டே போகவேண்டும்.

1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. கங்காணி முறை அத்தோடு முடிவுற்றது. அதன்பின் இங்கே இருந்தவர்கள் இங்கேயே வேரூன்றத் தொடங்கினர். வேர் ஊன்றியது, மண் மட்டும் சொந்தமாகவில்லை.

விடுதலைக்குப் பின் 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. குடிநீர், மின்சாரம், தனித்தனிக் கழிப்பறை என வசதிகள் படிப்படியாக உயர்ந்தன. இதனை நன்றியோடு ஏற்றல் முறையே. எனினும் இச்சட்டங்கள் அனைத்தும் 'நல்ல வீடு தருக' என்று முதலாளிக்குக் கூறினவேயன்றி, 'வீட்டை அவனுக்கே தருக' என்று கூறவில்லை. தரம் வேறு, உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே நம் சமுதாயம் நெடுங்காலம் செய்த பிழையாகும்.

துண்டாடலும் கூட்டுறவும்

1950களில் ஆங்கிலேயர் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு நாடு திரும்பினர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். 1930களின் பாடம் மீண்டும் ஒருமுறை கற்பிக்கப்பட்டது.

இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் திரட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. கூலி வாங்கிய கை பங்கும் வாங்கலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது. ஆயினும் கூட்டாகத் தோட்டம் வாங்குவது வேறு. தனக்கென ஒரு வீடு வாங்குவது வேறு. முன்னது நிகழ்ந்தது, பின்னது காத்திருந்தது.

அக்காத்திருப்பினூடே மற்றொரு தடையும் எழுந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய உரிமம் பெறவேண்டியதாயிற்று. பிறப்புப் பத்திரமும் குடியுரிமைச் சான்றும் இல்லாத ஆயிரக்கணக்கான தமிழர் நாட்டை விட்டே சென்றனர். தாளின் அருமையைத் தாள் இல்லாதவனே அறிவான். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, நிலப்பட்டா ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்; முதற்கண்ணி அறுந்தவனுக்கு இறுதிக்கண்ணி எட்டுவதில்லை.

1970களில் தோட்டத் தொழிலாளர் சொந்த வீடு பெறும் திட்டத்தை அரசாங்கம் முன்மொழிந்தது. நிலம் தரவேண்டியவர் முதலாளி. தருவதும் தராததும் அவர் விருப்பம். ஆதலின் திட்டம் மெல்லவே நடந்தது.

இதன் விளைவைச் சிலாங்கூர் மாநிலத்தில் காணலாம். 1990களில் புத்ராஜெயா நகர் எழுந்தபோது, பிராங் புசார் முதலிய தோட்டங்களின் தொழிலாளர் டிங்கில் வட்டாரத்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அக்கட்டடச் சுவர்களில் விரிசல் கண்டு அல்லலுற்றனர். புக்கிட் தாகார் வட்டாரத்து ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டம், பல்லாண்டுக் காத்திருப்பிற்குப் பின் 2023ஆம் ஆண்டில்தான் தொடக்கம் கண்டது. இலங்கை மலையகத்திலோ, ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்ற கொள்கை அண்மைக் காலத்தில்தான் நடைமுறைக்கு வரலாயிற்று. 2017ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் நோர்வூட் வந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இருநாட்டுத் தேயிலை மலைகளிலும் ஒரே வினாவே எழுந்து நிற்கிறது: உழைத்தவன் காலூன்ற எவ்வளவு மண்?

ஓய்வு நாளின் வினா

ரிங்லெட் வட்டாரத்துக் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் தோட்டத்திலேயே பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். தாய் பறித்த மலையிலேயே தானும் பறித்தவள். வேலை செய்யும் வரை வாடகை இல்லை; தண்ணீருக்குக் கவலை இல்லை. ஓய்வு பெறும் நாள் வருகிறது. பிள்ளைகளுள் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். பிள்ளைகளோ படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டனர். படிக்க வைத்ததே அவளை வீடற்றவளாக்குகிறது! இந்த முரண்பாடு நம் தோட்டப்புறங்கள் எங்கும் நிகழ்ந்தது. வாடகையில்லா வீடு உண்மையில் இலவசமன்று. அதன் விலை ஓய்வு நாளில் ஒரே தவணையாகக் கேட்கப்பட்டது.

ஆகவே சொந்த வீடு என்பது நம் மக்களுக்கு ஆடம்பரமன்று. அது முதுமையின் காப்பு.

1951ஆம் ஆண்டில் தோன்றிய ஊழியர் சேமநிதி இதற்கு ஒரு வாயிலாயிற்று. முதுமைக்கென்று பிடிக்கப்பட்ட பணத்தின் ஒரு பகுதியை வீடு வாங்கவும் எடுக்கலாம் என்ற வழி பின்னாளில் பிறந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடப்பிலுள்ள மூன்று கணக்குகளுள், சந்தாவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சேரும் நல்வாழ்வுக் கணக்கிலிருந்து இதற்கென எடுக்கலாம். 1982ஆம் ஆண்டில் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என அரசாங்கம் வரையறுத்தது. 1998ஆம் ஆண்டில் அது இடத்திற்கேற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர் மலிவு வீடு வாங்க 5 கோடி வெள்ளி நிதி ஒதுக்கப்பட்டு, தேசிய சேமிப்பு வங்கி வழியாக நூற்றுக்கு நான்கு வட்டியில், நாற்பது ஆண்டுத் தவணையில், அடுத்த தலைமுறையும் தொடர்ந்து செலுத்தும் வகையில் கடன் அறிவிக்கப்பட்டது.

பழைய வீட்டின் வாசலில்

மலைநாட்டில் புதிய வீடு எளியோர்க்கு எட்டாத கனியாகிவிட்டது. காரணம் வெளிப்படை. காடுகளும் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் போக, வீடு கட்டத்தக்க சமநிலம் மிகக் குறைவு. பண்ணை நிலங்கள் பலவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிக உரிமத்தில் இருந்துவந்தவை. அவற்றின்மேல் வீட்டுப்பட்டா பெறவியலாது. எனவே முதல் வீடு தேடும் தோட்டத்துப் பிள்ளை, ஊரிலுள்ள பழைய தொடர்வீட்டையோ, மலையடிவாரத்துத் தாப்பா, பீடோர் போன்ற ஊர்களின் பழைய வீடமைப்புப் பகுதிகளையோ நாடுகிறான்.

பழைய வீடு என்றதும் முகஞ்சுளிப்போர் உளர். 'வாங்குவதுதான் வாங்குகிறாய், புதிதாக வாங்கக் கூடாதா?' என்று கேட்கும் உறவினர் எக்குடும்பத்திலும் இருப்பர். ஆனால் ஒரு கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 1,20,000 வெள்ளி விலையுள்ள பழைய தொடர்வீடு ஒன்று. நூற்றுக்குப் பத்து முன்பணம் 12,000 வெள்ளி. எஞ்சிய 1,08,000 வெள்ளியை நூற்றுக்கு நான்கு வட்டியில் முப்பத்தைந்து ஆண்டுத் தவணையில் கடன் பெற்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 478 வெள்ளி செலுத்தவேண்டும். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இத்தவணை நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதி. ஒருவர் சம்பளத்தில் இது நெருக்கடியே. கணவன் மனைவி இருவரும் உழைத்தால் இயலக்கூடியதே. விலை இரட்டித்தால் தவணையும் இரட்டிக்கும். அப்போது இயலக்கூடியது இயலாததாகும். பழைய வீட்டின் பெருமை அதன் பழமையில் இல்லை. எளியவன் எட்டும் உயரத்தில் அது இருப்பதில்தான் உள்ளது.

ஆயினும் வாங்குவோர் தம் முன்னோர் அறியாது விட்ட ஒன்றை அறிந்து வாங்குதல் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது சுவரின் சாயத்தையன்று, நிலப்பட்டாவை. மலாய் வழக்கில் 'கிரான்' எனப்படும் அத்தாளில் யார் பெயர் உள்ளது, தனிப்பட்டாவா அன்றி வீடமைப்பாளர் பெயரிலுள்ள பொதுப்பட்டாவா, அடைமானமோ தடைக்குறிப்போ உண்டா என்பவற்றை நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். அடுத்து, உரிமை நிலையானதா, குத்தகையா என்பது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி குத்தகை 99 ஆண்டுகள் வரை இருக்கலாம். 1980இல் தொடங்கிய அத்தகைய குத்தகை 2079இல் முடியும். இன்று வாங்குவோர் விலைக்குப் பெறுவது எஞ்சிய ஆண்டுகளையே. ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும். பெயர் மாற்ற மாநில அரசின் இசைவும் தேவைப்படலாம். பழைய நிலவரி, வீட்டுவரிப் பாக்கியும் கேட்டறியத்தக்கவை. முன்பணத்தோடு முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர் கட்டணம், பழுதுபார்க்கும் செலவு ஆகியவற்றிற்கும் கையில் பணம் இருத்தல் நன்று.

மலையில் வாங்குவோர்க்கு மற்றுமொரு பாடம் உண்டு. ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழேதான் பெர்த்தாம் பள்ளத்தாக்கு. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கினுள் பாய்ந்தது, உயிர்கள் பலியாயின, வீடுகள் சிதைந்தன. வீட்டின் விலை ஏன் குறைவாக உள்ளது என்று கேட்பவன், ஆறு எங்கே ஓடுகிறது, பின்புறச் சரிவு எத்தகையது, மழைநாளில் நீர் எங்கே நிற்கிறது என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். அண்டை வீட்டு முதியவரே இதற்குச் சிறந்த ஆசான்.

முடிவுரை

இன்று தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். நம் பாட்டன்மார் வாழ்ந்த வரிசைகளில் அவர்கள் வாழ்கின்றனர். நம் வரலாற்றை மறவாதவரே அவர்கள் நிலையையும் பரிவோடு நோக்குவர்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'என் வீடு' என்ற தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதச் செய்வது நம் பள்ளிகளின் மரபு. அம்மாணவரிடம், தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தனர், எந்த ஆண்டில் வெளியேறினர், குடும்பத்தில் முதல் நிலப்பட்டா யார் பெயரில் வந்தது என்று கேட்டு எழுதுமாறு பணியுங்கள். எந்த நூலகத்திலும் இல்லாத வரலாறு அக்கட்டுரை ஏடுகளில் கிடைக்கும். இன்னும் பட்டா வராத குடும்பங்களும் அப்போது நம் கண்ணுக்குப் புலப்படும்.

தொடர்வீட்டின் சுவரை அண்டை வீட்டாரோடு பங்கிடுகிறோம், லயத்திலும் பங்கிட்டோம். கூரை ஒன்றே, வரிசை ஒன்றே. ஆனால் லயத்து அறையில் முருங்கை நட்டவன், அதைப் பிறருக்கு விட்டுவிட்டுப் போனான். பழைய வீடேயாயினும், தன் பெயரில் பட்டாவுள்ள வீட்டின் பின்புறத்தில் அவன் பேத்தி நடும் முருங்கையோ, அவள் பிள்ளைகளுக்குக் காய்க்கும். ஏறத்தாழ நூறாண்டுகளாக இம்மலையில் நம்மவர் உழைத்துத் தேடியது அந்த முருங்கை நிற்கும் அளவு மண்ணேயாகும்.